தலையை அசைக்காதே

சிலுவையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.
கயிற்றை மட்டும் தரமாட்டேன் என்றான்.
பதினைந்து வயது. எபினேசர். எபி.

"இருபது நிமிஷம். தலையை அசைக்காதே" என்றேன்.
ஒரு நாளில் பதினொரு முறை சொல்லும் வாக்கியம்.

ஸ்கேன் இயந்திரம் இரைய ஆரம்பித்தது.
காதுப் பஞ்சைத் தாண்டிப் பல்லுக்குள் இறங்கும் இரைச்சல்.
வளர்ந்தவர்களே பயந்து மணியை அமுக்குவார்கள்.
இவன் தூங்கிவிட்டான்.

"எங்க வூட்டுக்குக் கீய மோட்டார் ரூம்க்கா.
ராவெல்லாம் இதே சவுண்டுதான்.
அதான் கண்ண சொக்கிக்கிச்சி."

ஆராய்ச்சிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருந்ததைக் கேட்டேன்.
நடக்கும் தூரத்தில் பூங்கா உண்டா?
"கீது. பூட்டிக் கீது."
உண்டுக்கும் இல்லைக்கும் நடுவே
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
ஒயின் ஷாப்புக்கு எத்தனை நிமிடம்?
"நடந்தா ஏழு.
அப்பா வாங்கியாரச் சொன்னா அஞ்சு."

திரையில் அவன் மூளை,
மழை விட்ட சதுப்பைப் பாலத்திலிருந்து பார்ப்பதுபோல்
சாம்பலும் வெள்ளையுமாக.
நெற்றிக்குப் பின்னால் இருப்பது
கடைசியில்தான் கட்டி முடியும் என்று
டாக்டர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.
வேண்டாம் என்று சொல்லப் பழகும் இடம்.
இன்னும் பத்து வருஷ வேலை பாக்கி.

அம்மாவின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது.
பெரும்பாக்கம் போனேன். ஏழாவது மாடி.
லிஃப்ட் கதவில் யாரோ கரியால்
'2 மாசம்' என்று எழுதி,
அடித்து,
'5' என்று எழுதி,
அதையும் அடித்திருந்தார்கள்.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே
படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல்.
பல்பு இல்லை. நாலு பையன்கள்.
ஒருவன் கைக்குட்டையில் பஞ்சர் பசையின் வாடை.
எபி அவர்களில் இல்லை,
அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.
அதட்டத்தான் நினைத்தேன்.
மூச்சு வாங்கியது. நின்றேன்.
காற்று வந்தது.
தூரத்தில் தண்ணீர், கொக்குகள், மின்கம்பிகள்.
கீழேயிருந்து இதுவரை
எனக்கு நிற்கத் தோன்றிய ஒரே இடம் அதுதான்.

ரெஜினா கையெழுத்துப் போட்டார்.
கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கேரம் போர்டில்
துணி காய்ந்துகொண்டிருந்தது.
"சிந்தாதிரிப்பேட்டைல கிளப்ல ஆடுவான்.
இங்க போர்ட வெச்சா நாங்க படுக்க முடியாது.
அங்க மட்டும் என்ன, ஆறு நாறும், பாம்பு வரும்.
அத ஒண்ணும் நான் பெருசா சொல்லல."
கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல்:
"ஆனா ராத்திரி பத்து மணிக்கு
புள்ள எங்க கீறான்னு தெரியும்."

ஒரு வருஷம்.
இரண்டாவது ஸ்கேனுக்கு முன் மறுபடி படியேறினேன்.
ஜன்னலில் தகரம் அடித்துவிட்டார்கள்.
பையன்கள் உட்காரக்கூடாதாம்.
ஒரு கேமரா, ஒரு வெள்ளை விளக்கு,
விளக்கைச் சுற்றி ஈசல்.
யாரும் இல்லை.
மொட்டைமாடியில், தொட்டிக்கு அந்தப் பக்கம்
இருமல் சத்தம் கேட்டது.
அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது.

எபி வந்தான். உயரமாகிவிட்டான்.
கயிறு இருந்தது, சிலுவை இல்லை.
கேட்கவில்லை நான்.
இந்தமுறை தூங்கவில்லை;
விரல் மட்டும் படுக்கையில் எதையோ
சுண்டிக்கொண்டே இருந்தது.
முடிந்ததும் திரையருகே வந்து நின்றான்.

"இதுல எங்க படிக்கட்டு எதுக்கா?"

சிரித்தான். நானும் சிரிக்க வாயெடுத்தேன்.

படிவத்தின் கடைசியில்
'வேறு ஏதேனும்' என்று ஒரு கோடு உண்டு.
யாரும் நிரப்புவதில்லை.
ஆறாவது மாடிக்குக் கீழே ஜன்னல் ஒன்று இருந்தது,
மூடிவிட்டார்கள், என்று எழுதினேன்.
'இது தரவு அல்ல' என்று வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

புதுப் படிவம் எடுத்தேன்.
அதே வரி. இந்தமுறை பேனாவால்.
வெளியே அடுத்த பையன்
சட்டைப் பித்தானை எண்ணிக்கொண்டு நிற்கிறான்.